எட்டு பீரியட் வீடு – 11: யூனிஸுக்கு யார் டீச்சர்?

போன வாரம் அஸ்தினாபுரத்தை மழையில் விட்டுவிட்டு வந்தோம். மழை இன்னும் விட்டபாடில்லை. லாசரஸ் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஊரில் எல்லாப் பள்ளிகளுக்கும் மூன்று நாளாக லீவு. இந்த வீட்டுப் பள்ளிக்கு மட்டும் லீவே கிடையாது. சனிக்கிழமை என்றால் பரீட்சை வேறு.

தபீதாள் மிஷன் பள்ளி வேலையை உதறிவிட்டு வந்து இன்றோடு ஏழு வாரம். கணக்குக் காலாண்டுக் கேள்வித்தாளைத் திருடினான் என்று எச்.எம். ரத்தினபாய் அவள் மகன் தனசிங்கைப் பிரம்பால் அடித்தார். அன்றைக்கே ஐந்து பிள்ளைகளின் பெயரையும் எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதி மேஜையில் வீசிவிட்டு வந்தவள் இவள். "என் பிள்ளைங்களுக்கு இனிமே நானே ஸ்கூல்" என்று ஸ்டாஃப் ரூமில் பதினோரு பேர் முன்னால் சொன்னதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடு வருஷத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வீட்டுக் கூடமே பள்ளிக்கூடம் ஆயிற்று.

இன்று விடிகாலையிலேயே அவள் புது டைம்டேபிள் போட உட்கார்ந்துவிட்டாள். பழையது பலிக்கவில்லை. கூடத்தின் வடக்கு மூலை ஒழுகுகிறது, அங்கே உட்கார்ந்த நாலாம் வகுப்பு ஜாய்ஸை நகர்த்த வேண்டும். கைக்குழந்தை டேவிட் நடக்கத் தொடங்கியதில் நான்காம் பீரியட் அடியோடு செத்துப்போனது. மத்தியானம் கரண்ட் போனால் இரண்டாம் வகுப்பு பிரபு இருட்டுக்குப் பயந்து அழுகிறான். அவன் அழுதால் ஆறாம் வகுப்பு மெர்சிக்குச் சிரிப்பு வருகிறது. சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்து ஐந்து பத்தி, எட்டு வரிசை, நாற்பது கட்டம் போட்டாள் தபீதாள். கட்டம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

லாசரஸ் டியூட்டிக்குக் கிளம்பி, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்து நின்றார். ரயில்வேயில் சிக்னல் பிரிவு. அதிர்ந்து பேசாத மனுஷர்.

"தபீதா, இன்னிக்கு சனிக்கிழமை."

"தெரியும். டெஸ்ட் போட்டிருக்கேன்."

"அதைச் சொல்லல. ரத்தினபாய் டீச்சர் இன்னிக்கு வீட்டுல உக்காந்து டென்த் பப்ளிக் பரீட்சைக்கு லிஸ்ட் எழுதுறாங்க. திங்கக்கிழமை காலைல அனுப்பிடுவாங்க. பெரியவ பேரை அவங்க இன்னும் அடிக்கல. போன வாரம் கோயில்ல என்கிட்ட சொன்னாங்க. நீ நேர்ல போய் உன் லெட்டரைத் திருப்பி வாங்கிக்கிட்டா போதுமாம்."

தபீதாள் ஸ்கேலை அழுத்திக் கோடு போட்டாள். "அந்தம்மா வாசப்படியை நான் மிதிக்கணுமா?"

"உனக்காக இல்ல. யூனிஸுக்காக."

"யூனிஸ் பிரைவேட்டா எழுதட்டும். நான் சொல்லிக்கொடுக்கிறேன்."

லாசரஸ் குடையை எடுத்தார். வாசலில் நின்று, "பிள்ளையை அடிச்சா எந்தத் தாய்க்கும் கோவம் வரும். நான் தப்பு சொல்லல. ஆனா ஒரு கோவத்துக்கு ஏழு வாரம் ரொம்ப ஜாஸ்தி" என்றார். பதிலுக்குக் காத்திராமல் தண்ணீரில் இறங்கி நடந்தார்.

கோபமாம்! கோபம் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. கோபம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது என்னவென்று தபீதாளுக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும்.

கேள்வித்தாள் பள்ளியைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது எழுதாத சட்டம். செப்டம்பரில் பிழை பார்க்கச் சொல்லி அவளிடம் கணக்குத் தாளின் இரண்டு பிரதி கொடுத்தார் ரத்தினபாய். அன்று டேவிட்டுக்கு நல்ல ஜுரம். சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு ராத்திரிதானே என்று நினைத்தாள். மறுநாள் பையில் ஒரு தாள்தான் இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு, மற்றது எங்கேயோ விழுந்திருக்கும் என்று வாயை மூடிக்கொண்டாள். பரீட்சைக்குப் பிறகு தனசிங்கின் ரஃப் நோட்டில் அதே எட்டுக் கணக்குகள் அதே வரிசையில் முன்கூட்டியே போட்டிருந்ததை எச்.எம். கண்டுபிடித்தார். "தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். ஸ்கூல் பீரோவுலதான் வச்சேன்" என்றாள் தபீதாள். இருபது வருஷ சர்வீஸில் அவள் சொன்ன முதல் பொய்.

அந்தப் பொய்யின் மேல் நின்றுகொண்டுதான் அன்று அத்தனை ஆட்டம் ஆடினாள். வேலையை விட்ட இரண்டாவது வாரம், தனசிங்கின் அட்லாஸைத் தூசி தட்டும்போது தென் அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் அந்தத் தாள் மடித்தபடி கிடைத்தது. ஆகவே பிள்ளை திருடன்தான். ரத்தினபாய் சொன்னது சரிதான். தாளை யாரிடமும் காட்டாமல் டிரங்குப் பெட்டிக்குள், அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பூட்டு. சாவி அவள் இடுப்பில்.

எட்டு மணிக்கு ஜெபம் முடிந்து, பழைய இரும்புக் கடையில் வாங்கிய தண்டவாளத் துண்டில் யூனிஸ் 'டங் டங்' என்று மணி அடித்தாள். பதினைந்து வயசுப் பெண், ஒரு கையில் டேவிட், ஒரு கையில் சுத்தியல். பிள்ளைகள் அவரவர் பாயில் உட்கார்ந்தார்கள். தனசிங்குக்கு மட்டும் ஆட்டுக்கல் பக்கம், சுவரைப் பார்த்த இடம். 'கவனம் சிதறாது' என்று சொல்லி அவனை அங்கே உட்கார வைத்திருந்தாள் அம்மா.

பெட்டியைத் திறந்து கேள்விகளை எடுத்துக் கொடுத்தாள். தனசிங் தன் தாளைப் பார்த்தான்.

"அம்மா, நீங்க நேத்து போர்டுல போட்டுக் காட்டின மாடல் கணக்கு ஒண்ணுகூட எனக்கு வரலியே. எல்லாருக்கும் மாடல்லேர்ந்துதான் வந்திருக்கு."

"உனக்கு வேற."

"ஏம்மா?"

"எழுதுடா."

அவன் எழுதினான். அதற்கப்புறம் அவன் தலை நிமிரவே இல்லை. யூனிஸ் தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தபீதாள் கவனித்தாள். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்று கை வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள். நாம் நினைத்துக்கொள்வதற்கு ஒரு அளவா, கணக்கா?

மத்தியானம் பக்கத்து வீட்டு அங்காளம்மாள் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டாள். அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். இப்போது வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு மணி லேட்டா அடிக்கிறே? உன் மணிய நம்பித்தான் நான் உலை வைக்கிறேன். எங்க வூட்டுக்காரரு பசி பசின்னு ஒரே பேஜாரு."

"மழைல சுத்தியல் எங்கேயோ போயிடுச்சுங்க. தேடி எடுத்தோம்" என்று சிரித்தாள் தபீதாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதே. சின்னதுங்களுக்கு உன் பெரிய பொண்ணு டீச்சரு. பெரிய பையனுக்கு நீ டீச்சரு. அந்தப் பொண்ணுக்கு யாரு டீச்சரு?"

"நான்தாங்க."

"எப்போ? நானும் இப்டி மதில்ல கைய வச்சிக்கினு தெனம் பாத்துக்கினுதான் கீறேன். அது ஒரு நாளாவது குந்திக்கினு படிச்சு நான் பாக்கலியே."

"அது... சாயங்காலம் படிக்கும்."

"சாயங்காலம் பாலுக்குப் போவுது. அப்பறம் சப்பாத்தி தேய்க்குது." அங்காளம்மாள் குறை சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தபீதாள் மறுபடி சார்ட் பேப்பரிடம் வந்தாள். நான்கு பத்தியும் நிரம்பிவிட்டன. ஐந்தாவது பத்தி யூனிஸுடையது. முதல் பீரியட்டில் 'கணக்கு' என்று எழுதப் போனாள். முதல் பீரியட்டில்தான் யூனிஸ் பிரபுவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டாவதில் 'அறிவியல்'? அப்போது ஜாய்ஸுக்குத் தமிழ். மூன்றாவதில் டேவிட்டைக் குளிப்பாட்ட வேண்டும். நான்காவதில் மெர்சிக்கு இங்கிலீஷ். ஐந்தாவதில் உலை. பேனா ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கியது. எட்டாவது கட்டத்தில் மட்டும் யூனிஸுக்கு வேலை இல்லை. அங்கே பழைய டைம்டேபிளில் என்ன இருந்தது என்று சுவரைப் பார்த்தாள். 'விளையாட்டு' என்று இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளில் அவள் கொடுத்திருந்த ஒரே பாடம் விளையாட்டு.

ஏழு வாரமாக அவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று யோசித்தாள். அக்டோபரில் ஒரு நாள் தேற்றம் ஒன்று. அதுவும் பாதியில் டேவிட் விழுந்து எழுந்ததில் நின்றுபோனது.

ரெஜிஸ்டரைப் பார்க்கலாம் என்று எடுத்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் முதல் நாளே வாங்கிய வருகைப் பதிவேடு அது. அட்டையில் '1988–89' என்று அவளே அழகாக எழுதியிருந்தாள். பெயர் கூப்பிட்டுக் குறிப்பது யூனிஸின் பொறுப்பு. வந்தால் காலையில் ஒரு கோடு, பிற்பகல் குறுக்கே இன்னொரு கோடு, வராவிட்டால் வட்டமாக ஒரு சின்ன 'ஏ'. வீட்டுப் பள்ளியில் யார் வராமல் போகப் போகிறார்கள் என்று அவள் அதை விரித்துப் பார்த்ததே இல்லை. அக்டோபர் கடைசியில் அடியில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

கீழே நாலு பெயர்களுக்கு நேராகக் கோடுகள் பூத்தையல் போல வரிசையாகப் போயின. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பெயர் யூனிஸ். அதற்கு நேராக ஏ, ஏ, ஏ. ஒரு நாள் விடாமல், அக்டோபர் முழுக்க, நவம்பர் இன்று வரைக்கும். எழுத்து கோணவில்லை, அழுத்தமும் இல்லை. அடியில் 'தபீதாள் லாசரஸ், தலைமை ஆசிரியை' என்று அவள் கையெழுத்து.

அங்கே மிஷன் பள்ளி ரெஜிஸ்டரிலும் இந்தப் பெயருக்கு நேராக இதே ஏ-தானே விழுந்துகொண்டிருக்கும்! பிள்ளை அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. தபீதாள் ரெஜிஸ்டரின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழ டீச்சர்களுக்கு நன்றாகவே தெரியும்.

"யூனிஸ்!"

"அக்கா பாலுக்குப் போயிருக்காம்மா" என்றாள் மெர்சி. "இன்னிக்கு சீக்கிரமே போயிட்டா."

மணி நாலு. தபீதாள் எழுந்து பெட்டியைத் திறந்தாள். செய்தித்தாளுக்குக் கீழே கையை விட்டு அந்தத் தாளை எடுத்து, ரெஜிஸ்டருக்குள் வைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றினாள். லெட்டரை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வர முடியாது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய்யைச் சொல்லும் தெம்பு அவளிடம் இல்லை. தாளை வைத்துவிட்டு, 'என் பிள்ளை செய்ததுதான், நான் சொன்னது பொய்தான்' என்று சொல்லிவிட வேண்டும். காறித் துப்பினாலும் சரி. யூனிஸ் பெயர் லிஸ்டில் ஏறினால் போதும்.

தனசிங் கதவருகே நின்றான். "எங்கம்மா போறீங்க?"

"ரத்தினபாய் டீச்சர் வீட்டுக்கு. தம்பி தங்கச்சிங்களைப் பார்த்துக்கோ."

அவன் முகம் வெளுத்தது. ஏழு வாரத்தில் முதல்முறையாக அந்தப் பேச்சை எடுத்தான். "அம்மா, நான் எடுக்கலம்மா. நிஜமா எடுக்கல."

தபீதாள் அவன் தலையில் கை வைத்தாள். "எடுத்திருந்தாலும் பரவாயில்லடா. அம்மா பார்த்துக்கறேன்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். பையன் அவள் கைக்குக் கீழிருந்து தலையை மெல்ல விலக்கிக்கொண்டான். திரும்பிப் போய், யாரும் சொல்லாமலே, ஆட்டுக்கல் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

ராதா நகரில் ரத்தினபாயின் வீட்டுக்கு இருபது நிமிஷ நடை. அன்று முக்கால் மணி ஆயிற்று. ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குடை இருந்தும் நனைந்து போய்ச் சேர்ந்தாள். 'டீச்சர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கேட்டைத் திறந்தவள் நின்றுவிட்டாள்.

படியோரம் ஒரு ஜோடி நீலச் செருப்பு. இடது வாரில் ஊக்கு. காலையில் அவளே குத்திக் கொடுத்த ஊக்கு. பக்கத்தில் காலிப் பால் தூக்கு, அதில் மழைத் தண்ணீர் கால்வாசி நிரம்பியிருந்தது.

உள்ளே யூனிஸின் குரல்.

"தம்பிக்கு ஒண்ணுமே தெரியாது டீச்சர். அவனுக்குக் கணக்கு வரல. ஃபெயிலாயிடுவேன்னு தினம் அழுதான். அந்தத் தாளைப் பார்த்ததும் நான் எடுத்துட்டேன். எதுலேர்ந்துன்னு அவன்கிட்ட சொல்லல. அந்த எட்டுக் கணக்கையும் நானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தாளை அவன் அட்லாஸ்ல ஒளிச்சு வச்சேன். அப்பறம் தேடினா காணோம். நீங்க அடிச்சப்போ அவன் ஏன் அடி வாங்கறான்னு அவனுக்கே தெரியாது."

தபீதாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தனசிங் எடுக்கவில்லை. ஊருக்கு முன்னால் பிள்ளையை நம்புகிறேன் என்று கத்தி, வேலையை விட்டு, ஐந்து பேர் படிப்பைக் கெடுத்தாள். வீட்டுக்குள் அவனை நம்பாமல் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். வேறு கேள்வி கொடுத்தாள். பெட்டிக்குப் பூட்டுப் போட்டாள். 'எடுத்திருந்தாலும் பரவாயில்லை' என்று கடைசியாகச் சொல்லிவிட்டும் வந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை தலையை விலக்கிக்கொண்டது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?" ரத்தினபாயின் குரலில் கடுமையைவிடக் களைப்பு அதிகம்.

"பயம் டீச்சர். அதுக்குள்ள அம்மா வேலையை விட்டுட்டாங்க. எல்லாருக்கும் படிப்பு போனது என்னால. அதனால நானும் படிக்கக் கூடாதுன்னு... வீட்டு ரெஜிஸ்டர்ல என் பேருக்கு நேரே தினம் ஆப்சென்ட் போட்டுக்கறேன். என் பேரை லிஸ்ட்ல எழுத வேணாம் டீச்சர். தம்பி பேரை மட்டும் திரும்பச் சேர்த்துக்கோங்க."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம்.

"ஒண்ணு மட்டும் சொல்லு யூனிஸ். தாள் உனக்கு எங்கே கிடைச்சுது? ஸ்கூல் பீரோவைவிட்டு வெளியவே எடுக்கலன்னு உங்கம்மா என்கிட்ட சொன்னாங்களே?"

தபீதாள் கதவை நெருங்கி நின்றாள். 'அம்மா பையில் இருந்து' என்று மூன்றே வார்த்தை. உண்மை அதுதான். அதைச் சொன்னால் பிள்ளையின் குற்றம் பாதியாகக் குறையும்.

"பீரோவுலேர்ந்துதான் டீச்சர்" என்றாள் யூனிஸ். "சாயங்காலம் யாரும் இல்லாதப்போ வந்து, நான்தான் பீரோவைத் திறந்தேன். அம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

"பள்ளிக்கூடத்துப் பீரோவைத் திறந்து திருடினேன்னு சொல்றே. அப்படின்னா உன் பேரை நான் எந்தக் கையால எழுதுவேன்? இந்த வருஷம் மட்டும் இல்ல, இனிமே எப்பவும் எழுத முடியாது. புரியுதா உனக்கு?"

"புரியுது டீச்சர்."

தபீதாள் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டே உள்ளே போனாள். மேஜைமேல் நீளமான லிஸ்ட். ரத்தினபாயின் கையில் திறந்த பேனா. எதிரே நனைந்த பாவாடையோடு நின்ற யூனிஸ் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, வேணாம்மா" என்றாள், கெஞ்சலாக.

ஈரப் பையைப் பிரித்து, மடித்த தாளை லிஸ்டுக்கு மேலேயே வைத்தாள் தபீதாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. மதில்மேல் இருந்து அங்காளம்மாள் கேட்ட கேள்விதான் வந்தது.

"அவ பொய் சொல்றா டீச்சர். தாள் இருந்தது என் பையில. ஏழு வாரத்துல அவளுக்கு நான் ஒழுங்கா ஒரு பாடம்கூடச் சொல்லிக்கொடுக்கல. இந்தப் பொய் மட்டும்தான் என்கிட்டேருந்து கத்துக்கிட்டா."

ரத்தினபாய் டீச்சர் தாளைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி, லிஸ்டின் மேல் குறுக்காக வைத்தார். யூனிஸின் பெயரை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்யத் திங்கட்கிழமை காலை வரை அவருக்கு நேரம் இருந்தது.